பாஸ்டர் வீட்டு அமலோற்பவமேரி

ஒரு விஷயம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு இருக்கிற தைரியம், அது முழுசாகத் தெரிந்தவருக்கு ஒருநாளும் வராது. அவர் யோசிப்பார், தயங்குவார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நமக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜென்மப் பாவம் என்ற விஷயத்தில் நான் அப்படியொரு தைரியசாலியாக இருந்தேன்.

அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் பங்குக் கோயிலில் சிறுவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பேன். (வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் என் தகுதி.) ஜென்மப் பாவத்துக்கென்று நானே ஒரு சார்ட் வரைந்து வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை, அதன் நடுவில் பெரிய மசிக் கறை. ஆதாமும் ஏவாளும் ஆப்பிளைத் தின்றார்கள், அந்தக் கறை பிறக்கிற குழந்தைகள் எல்லார் மேலும் ஒட்டிக்கொண்டது, ஞானஸ்நானத் தண்ணீர் பட்டால்தான் போகும். தண்ணீர் படாமலே இறந்துபோகும் குழந்தை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, நடுவில் ஓர் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும். இதைச் சொல்லும்போது குரலை வேறு தாழ்த்துவேன். பிள்ளைகள் நடுங்குவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். (பழம் ஆப்பிள்தான் என்று வேதாகமத்தில் எங்குமே இல்லை என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.)

பட்டறையில் என் பக்கத்து மெஷின் வேலு. அவன் மாங்காட்டு அம்மனுக்கு விரதம் இருக்கிற ஆள். ஆனால் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டான். ஒருநாள் டீ குடிக்கும்போது என் ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை முழுசாகச் சொல்ல வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஏம்பா அருளு, யாரோ ஒர்த்தரு எப்பவோ பழம் துண்ணாரு. அதுக்கு இன்னிக்குப் பொறந்த கொயந்த இன்னா பண்ணும்?"

"உங்க அப்பாவுக்கு வழுக்கைதானே?"

"ஆமா."

"உனக்கு?"

அவன் முன்மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அவ்வளவுதான் விஷயம்" என்றேன், உலகத்தையே ஜெயித்தவன் மாதிரி.

வேலு டீயை உறிஞ்சிக்கொண்டே யோசித்தான். "வயுக்க வந்துச்சுன்னு என்னை யாரும் இருட்டு ரூம்புல போடலியே மாமே?"

நல்லவேளை, சைரன் ஊதிவிட்டது.

அந்த டிசம்பரில், அமலோற்பவ மாதா திருநாள் அன்றைக்கே என் அக்கா ஸ்டெல்லாவுக்குப் பூந்தமல்லியில் ஒரு நர்சிங் ஹோமில் பெண் குழந்தை பிறந்தது. திருநாளில் பிறந்ததால் அமலோற்பவமேரி என்று பெயர் வைப்பதாக முடிவானது. நான்தான் ஞானத்தந்தை. பிறந்த அன்று துணியில் சுற்றிய குழந்தையை எட்ட நின்று பார்த்ததோடு சரி. அதற்கப்புறம் ஒரு மதியம், மாமா வேலைக்குப் போயிருந்ததால், அம்மா கொடுத்தனுப்பிய வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு நான் போனேன்.

அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டில் காலி. வெளியே வந்து ஆயாம்மாவைக் கேட்டேன்.

"கொயந்த மஞ்சளா பூட்ச்சுப்பா. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சுக்கீறாங்க" என்றார் அவர், தரையைத் துடைத்துக்கொண்டே.

"சீரியஸா?"

"எனுக்கு இன்னா தெரியும் நைனா? டாக்டரம்மா வரட்டும், கேளு."

டாக்டரம்மா சாப்பிடப் போயிருந்தார். பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை சாதாரணமாக வருவதுதான், விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் இறங்கிவிடும் என்று காலையிலேயே அவர் அக்காவிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அக்காவை எழுப்பிக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் எனக்கோ, தூங்குகிற தாயிடம் போய்க் குழந்தை சாகக் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது என்ற கவலை. (அவ்வளவு பெரிய மனசு.)

குழந்தைகள் அறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே நீலநிற ட்யூப்லைட் வெளிச்சம். அதற்குக் கீழே பெட்டியில் ஒரு குழந்தை, கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டி, இடுப்பில் முக்கோணத் துணியோடு அசையாமல் கிடந்தது. பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்ததும், அதிலும் கண்ணைக் கட்டிய ஒரு குழந்தை கிடந்ததும் என் கண்ணில் பட்டதாக ஞாபகமே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இருட்டறைதான். வாராவாரம் ஊரான் பிள்ளைகளைப் பயமுறுத்திய அதே இருட்டறையில் எங்கள் அமலோற்பவம் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காட்சி.

ஆபத்து நேரத்தில் சாமியார்தான் வரவேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். நான் அரைகுறையாக இல்லாமல் முழுசாகத் தெரிந்து வைத்திருந்த ஒரே சட்டம் அது. அதுதான் என்னைக் கெடுத்தது.

தண்ணீருக்கு எங்கே போவது? கையில் ஃபிளாஸ்க். திறந்தால் ஆவி பறக்கிறது. மூடியில் கொஞ்சம் ஊற்றி, மேஜையில் இருந்த டம்ளருக்கும் மூடிக்குமாக மாற்றி மாற்றி ஆற்றினேன். மரண ஆபத்தில் இருக்கிற குழந்தையின் தலைமாட்டில் நின்று, வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டே டீ மாஸ்டர் மாதிரி வெந்நீர் ஆற்றியவன் திருச்சபை வரலாற்றில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விரலை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்பூனில் எடுத்துத் தலையில் ஊற்றினேன்.

"அமலோற்பவமேரி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

குழந்தை வீல் என்று கத்தியது. சாகக் கிடக்கிற குழந்தைக்கு இவ்வளவு குரலா என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ஆயாம்மா ஓடி வந்தார்.

"இன்னாய்யா பண்ற அத்த?"

"ஞானஸ்நானம்... எங்க அக்கா குழந்தைக்கு..."

"உங்க அக்கா கொயந்த அந்தாண்ட கீதுய்யா! இது பாஸ்டர் ஊட்டு ஆம்பளப் புள்ள!"

ஆயாம்மா முக்கோணத் துணியை விலக்கினார். குழந்தை அந்த நிமிடம் பார்த்து, சந்தேகத்துக்கு இடமே இல்லாதபடி, என் சட்டையை நனைத்தது.

சத்தம் கேட்டு வராந்தாவில் இருந்து குழந்தையின் அப்பா உள்ளே வந்தார். நசரத்பேட்டையில் ஒரு சிறிய பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டர். ஆறடி உயரம், மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேட்கிற தொண்டை. அவர்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானமே கிடையாது. வளர்ந்து, தானாகப் புரிந்து, தானாக விசுவாசித்து வருபவரைத்தான் தண்ணீரில் முழுக்கி எடுப்பார்கள். அப்படிப்பட்டவரின் தலைச்சன் பிள்ளைக்குத்தான் நான் ஃபிளாஸ்க் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்து, பெண் பெயரும் வைத்திருந்தேன்.

ஆயாம்மா அவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பாஸ்டர் முதலில் குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. ஒரு துண்டை எடுத்து மெதுவாகத் துடைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஃபிளாஸ்க்கைக் கேடயம் மாதிரி நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் தம்பி இப்படிப் பதறிட்டீங்க?"

"செத்துடும்னு பயந்துட்டேன் பாஸ்டர். ஞானஸ்நானம் இல்லாம செத்துட்டா, ஜென்மப் பாவத்தோட..."

"போயி?"

"இருட்டுல இருக்கும்."

அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவரோ நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். "பொறந்த கொழந்தையக் கொண்டுபோயி இருட்டுல வைக்கிற ஆண்டவரையா தம்பி நீங்க வாராவாரம் கும்புடுறீங்க?"

என் சார்ட்டில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

"எம் புள்ளைக்கு என்ன ஆனாலும் அது கர்த்தரோட கையிலதான் இருக்கும்னு நான் நம்புறேன். நீங்க ஊத்துனது எங்க கணக்குல வெறும் தண்ணிதான். தல நனைஞ்சது, தொடச்சாச்சு" என்றார். வாசல்வரை போனவர் நின்றார். "ஆமா, என்ன பேரு வெச்சீங்க?"

சொன்னேன். அந்தத் தொண்டையிலிருந்து சிரிப்பு கிளம்பியபோது மேஜையிலிருந்த டம்ளர் அதிர்ந்தது.

அக்காவின் எதிர்வினைதான் நான் எதிர்பாராதது. பாஸ்டர் பிள்ளைக்குச் செய்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அப்போ என் பொண்ணுக்கு நீ பண்ணவே இல்லையாடா? ரெண்டு பெட்டிதானேடா இருந்துச்சு!" என்று அழுதாள்.

அன்று சாயங்காலமே பங்குக் கோயிலுக்கு ஓடினேன். அங்கே புதிதாக வந்திருந்த உதவிப் பங்குத்தந்தைக்கு என் வயதுதான் இருக்கும். நடந்ததைக் கேட்டதும் என்னைவிட அவர் அதிகமாகப் பதறினார். அலமாரியிலிருந்து தடித்தடியாகப் புத்தகங்களை இறக்கினார்.

"தண்ணி தலைமேல ஓடுச்சா?"

"ஓடுச்சு ஃபாதர்."

"வார்த்தை சரியாச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஞானஸ்நானம் கொடுக்கணும்னுதானே ஊத்துனீங்க?"

"அதுக்குத்தான். ஆனா ஆள் மாறிடுச்சு. பேரும் பொம்பளப் பேரு."

"பேரு மாறினா ஒண்ணும் ஆகாது. எதிர்ல இருந்த குழந்தைக்குத்தானே கொடுத்தீங்க..." அவர் தலையைச் சொறிந்தார். "பெத்தவங்களக் கேக்காம செஞ்சது பெரிய தப்பு. ஆனா செல்லும்னுதான் நினைக்கிறேன்."

பாஸ்டர் கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை. எங்கள் கணக்கில் அழிக்கவே முடியாதது நடந்துவிட்டது. ஒரே ஸ்பூன் தண்ணீர்!

பிறகு பாஸ்டர் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன். ஃபாதர் புத்தகத்தை மூடி வைத்தார்.

"ஜென்மப் பாவம்னா அந்தக் குழந்தை செஞ்ச பாவம் இல்லைங்க. அது எந்தத் தப்பும் செய்யல. நம்மோட சொந்தப் பாவங்களைச் சொல்ற அர்த்தத்துல இதைப் பாவம்னு சொல்றதே இல்ல. ஆதிப் பெற்றோர் தேவ அருளைத் தொலைச்சாங்க. அதனால நாம அது இல்லாமலே பிறக்கிறோம். கறை இருக்குன்னு சொல்றதைவிட, இருக்கவேண்டியது இல்லைன்னு சொல்லணும்."

"எங்க தெருவுல கரண்ட் போன நேரத்துல பொறந்த குழந்தை மாதிரியா ஃபாதர்? இருட்டுல பொறக்குது, ஆனா ஃபியூஸைப் பிடுங்கினது அது இல்ல?"

அவர் முகம் மலர்ந்தது. "இது நல்லா இருக்கே! பிரசங்கத்துல சொல்லிக்கட்டுமா?"

"அப்போ அந்த இருட்டறை?"

"சில பேர் அப்படி யோசிச்சுச் சொன்னதுதான். நம்பியே ஆகணும்னு திருச்சபை ஒருநாளும் சொன்னதில்ல. ஞானஸ்நானம் இல்லாம இறந்த குழந்தைங்களை ஆண்டவரோட இரக்கத்துக்கு ஒப்படைக்கிறோம். அவ்வளவுதான் நமக்குத் தெரியும்."

அதாவது, ஃபாதரும் பாஸ்டரும் கடைசியில் குழந்தையை ஒரே கையில்தான் கொடுத்தார்கள். நான் மட்டும்தான் இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது ஃபாதர் இன்னொன்றையும் போட்டு உடைத்தார். அமலோற்பவம் என்பது இயேசு கன்னியின் வயிற்றில் உருவானதைப் பற்றியது அல்லவாம். மாதா தன் தாயின் வயிற்றில் உருவான நொடியிலேயே ஜென்மப் பாவம் இல்லாமல் இருந்ததைப் பற்றியதாம். பல வருடங்களாக வகுப்பில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ஞாயிறே சார்ட்டைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் பட்டறையில் வேலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

"அப்போ கொயந்த மேல கேஸ் இல்ல?"

"இல்ல."

"அத்தத்தானேய்யா நானும் அன்னிக்குக் கேட்டேன்!"

இரண்டு குழந்தைகளும் மஞ்சள் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தன. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அக்கா மகளுக்குக் கோயிலில் முறைப்படி ஞானஸ்நானம் நடந்தது. என்னை ஞானத்தந்தையாக நிற்கவிட்டார்கள். ஆனால் தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் எனக்கும் நடுவில் மாமா நின்றுகொண்டார்.

பாஸ்டர் பிள்ளைக்கு சாமுவேல் என்று பெயர். அவர்கள் வீட்டில் அவன் அடம்பிடிக்கும்போதெல்லாம் "ஏ அமலோற்பவமேரி!" என்று அதட்டுவார்களாம். எங்கள் இரண்டு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று கேக் கொடுத்து, பிரியாணி வாங்கி, சொந்தமாகவே ஆகிவிட்டன. மீசை அரும்பிய வயதில் சாமுவேல் தானாக விரும்பி ஞானஸ்நானம் எடுத்தான். சபைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டியில் பாஸ்டர் அவனை முழுசாக முழுக்கி எடுத்தார். கூட்டத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "நல்லாப் பாத்துக்கோங்க தம்பி, இவ்வளவு தண்ணி வேணும்" என்றார். சபையே சிரித்தது.

பிற்பாடு சாமுவேலுக்கும் கல்யாணமாகி ஆண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போயிருந்தோம். நல்ல வெயில். எனக்குத் தொண்டை வறண்டு, "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று அவன் மனைவியிடம் கேட்டேன்.

சாமுவேல் என்னை ஒருமுறை பார்த்தான். எழுந்து வந்து, தொட்டிலில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது, அப்பாவின் அதே தொண்டை: "இப்போ குடு!"