நாற்பதைத் தாண்டாத கார்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் கப்பலும், அதன் எஞ்சினும், உங்களோடு வேலை பார்ப்பவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். கடலில் ஃபோன் சரியாக எடுப்பதில்லை என்பதால், உங்கள் கம்பெனி அலுவலகத்தின் மூலம் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

உங்கள் மனைவி, அதாவது எங்கள் குட்டி, பல் மருத்துவமனை திறந்த அன்று நாங்கள் ஏன் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள்தான் கடலில் மாட்டிக்கொண்டீர்கள், நாமாவது பக்கத்தில் இருக்கலாம் என்று நினைத்திருந்தோம். ரிப்பனை அப்பாதான் வெட்டப் போகிறார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அன்றிலிருந்து ஃபோன் செய்தால், "கிளினிக்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்கிறாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. நடந்ததை நீங்கள் முழுவதும் தெரிந்துகொண்டு, அவளிடம் எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் என்ன பேசினார்களோ அதை அப்படியே எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து. உங்கள் மாமியார் பேசியதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். அவள் இதைப் படிக்கவில்லை.

முதலில், நீங்கள் பார்சலில் அனுப்பிய கேமரா எச்சரிக்கைப் பெட்டிக்கு மிகுந்த நன்றி. அதை நீங்கள் அனுப்பியதற்குக் காரணமான இரண்டு அதிவேக நோட்டீஸ்களும் நான் வேண்டுமென்றே வாங்கியவை அல்ல. பாலத்துக்கு முந்திய இறக்கத்தில் கார் தானாகவே கொஞ்சம் ஓடும். கேமராவும் சரியாக அங்கேதான் இருக்கிறது. அதில் முதல் நோட்டீஸ். அதைப் பற்றி விசாரிக்கப் போனபோது அதே இறக்கத்தில் இரண்டாவது. மூன்றாவது வந்தால் ஆறு மாதத்துக்கு லைசென்ஸை முடக்கிவிடுவார்கள் என்று போக்குவரத்து அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். சொல்லிவிட்டு, "பாத்துப் போங்க சார், திரும்பிப் போறப்பவும் அதே வழிதான்" என்றாள். அந்தப் பயத்தில் இருந்த சமயத்தில்தான் உங்கள் பெட்டி வந்தது.

பெட்டியைக் காரின் முன்பக்கம் ஒட்டி வைத்தேன். உள்ளே ஒரு பெண் குரல். நல்ல குரல், குறை சொல்ல முடியாது. "முன்னால் வேகக் கேமரா. வேகத்தைக் குறைக்கவும்" என்று மரியாதையாகச் சொல்லும், நானும் குறைப்பேன். அங்கேதான் சனி பிடித்தது. உங்கள் மாமியார் இரண்டு நாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள், "கல்யாணமான நாள்லேருந்து பக்கத்துல உக்காந்து மெதுவா போங்க, மெதுவா போங்கன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன். காதுல வாங்கினதே இல்ல. நேத்து வந்தவ ஒரு வார்த்தை சொல்றா, கால் தானா பிரேக்குக்குப் போகுது" என்றாள். அது இயந்திரம் என்று விளக்கினேன். "நான் மட்டும் என்னவாம், இந்த வீட்ல?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு வீட்டில் பெட்டிக்காரி என்று பெயர்.

காரில் விட்டால் யாராவது கண்ணாடியை உடைத்து எடுத்துப் போய்விடுவார்கள் என்று, இறங்கும்போதெல்லாம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். நீங்கள் ஆசையாக அனுப்பியது ஆயிற்றே. எங்கள் பழைய நீதிபதி ஒருவர் காலமானார் என்று துக்கத்துக்குப் போயிருந்தோம். வாசலை ஒட்டி மெயின் ரோடு, அதில் கேமரா இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. நான் மாலையோடு குனிந்தபோது என் நெஞ்சிலிருந்து, "முன்னால் அபாயப் பகுதி. மெதுவாகச் செல்லவும்" என்று சத்தம் வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையை ஒரு கையால் பொத்திக்கொண்டேன். துக்கம் தாங்காமல் மார்பைப் பிடித்துக்கொள்கிறேன் என்று நினைத்து இரண்டு பேர் ஓடி வந்து என்னைத் தாங்கினார்கள். அந்த இழுபறியில் நான்கு எட்டு நகர்ந்ததும், "அபாயப் பகுதி முடிந்தது. பயணம் இனிதாகட்டும்" என்றது. மூலையில் இருந்த நீதிபதியின் மனைவி, "யாரு பேசினது? அவருக்குப் பொருத்தமா சொன்னாங்க" என்று மறுபடி அழ ஆரம்பித்தார். உங்கள் மாமியார் என் முதுகில் கிள்ளிய தடம் இன்னும் இருக்கிறது.

இனி லிமிட்டருக்கு வருகிறேன். காரில் அப்படி ஒன்று இருக்கிறது, இவ்வளவுக்கு மேல் போகாதே என்று வைத்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் போகாது, தெரியாமல் வேகம் கூடிவிடாது என்று நீங்கள் புறப்படும் முன் ஃபோனில் விளக்கினீர்கள். நான் சரி சரி என்றேன். உண்மையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, மாப்பிள்ளையிடம் போய் இரண்டாம் தரம் கேட்பதா என்று விட்டுவிட்டேன். ஆனால் உங்கள் மாமியார் விடவில்லை. எனக்குத் தெரியாமல் கார் மெக்கானிக்கிடம் போய், எந்தப் பொத்தான், எப்படி அமுக்க வேண்டும் என்று படித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

திறப்பு விழா அன்று காலையில், வேண்டிய அளவு நேரம் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். காரைக் கிளப்பி வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டினேனா என்று பார்க்கப் போனேன். அந்த நேரத்துக்குள் அவள் லிமிட்டரை நாற்பதில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்குள் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி மிதிக்கிறேன், கார் நாற்பதிலேயே நிற்கிறது. இன்னும் மிதிக்கிறேன், நாற்பது. கியரை மாற்றிப் பார்த்தேன், சத்தம்தான் மாறியது. "என்னமோ ஆயிடுச்சு, எஞ்சின் போச்சு" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மெதுவா போனா என்ன, ஊரு ஓடியா போயிடும்?" என்றாள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

செங்கல் ஏற்றிய ஒரு டிராக்டர் எங்களை முந்தியது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவர் எங்களுக்குக் கையசைத்தார். அடுத்து ஒரு இறக்கத்தில், ஹெல்மெட் போட்ட சைக்கிள்காரர் ஒருவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, "சார், வண்டியில கோளாறா?" என்று கேட்டார். "மிதிச்சா வேகம் ஏற மாட்டேங்குது" என்றேன். "உங்க வயசுக்கு அது நல்லதுதானே சார்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். இதற்கு நடுவில் பெட்டிக்காரி வேறு. நாம் வேகமாகப் போனால் எச்சரிக்கிற மாதிரி, ஒழுங்காகப் போனால் பாராட்டவும் செய்வாள் என்பது அன்றுதான் தெரிந்தது. "பாதுகாப்பான வேகம். பாராட்டுகள்" என்று ஒவ்வொரு மைல்கல்லுக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே என் பெண் கத்திரிக்கோலோடு வாசலில் நிற்கிறாள், இங்கே இவள் என்னைப் பாராட்டுகிறாள். உங்கள் மாமியாரே பொறுக்க முடியாமல் அதைப் பிய்த்து எடுத்து, துண்டில் சுற்றி, டாஷ்போர்டு அறைக்குள் போட்டு மூடினாள். உள்ளேயிருந்து மூச்சுத் திணறுகிற குரலில் பாராட்டு தொடர்ந்தது.

எங்களுக்குப் பின்னால் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேர்ந்துவிட்டன. எதிரே வந்தவர்கள் யாரோ அமைச்சர் வருகிறார் என்று ஓரங்கட்டி நின்றார்கள். கடைசியில் ஒரு போலீஸ் வண்டி வந்து நிறுத்தியது. மூன்றாவது நோட்டீஸ் என்றே நினைத்தேன். இறங்கி வந்தவர் எனக்கு மகன் வயசுள்ள அதிகாரி. "எதுக்கு நிறுத்தினேன் தெரியுமா சார்?" என்றார். "வேகமா வந்ததுக்கு" என்றேன், பழக்க தோஷத்தில். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "இந்த ரோட்ல நாப்பதுல வந்தா பின்னால வர்றவன் இடிச்சுட்டுப் போயிடுவான் சார். பின்னாடி பாத்தீங்களா, திருவிழாக் கூட்டம் மாதிரி நிக்குது" என்றார். எஞ்சின் போய்விட்டது என்று சொன்னேன். அவர் தலையை உள்ளே நீட்டி மீட்டரைப் பார்த்துவிட்டு, "லிமிட்டர் போட்டிருக்கு. யாரு போட்டது?" என்றார். "நான்தான்" என்றாள் உங்கள் மாமியார். "லைசென்ஸ் போச்சுன்னா மனுஷன் வீட்லேயே உக்காந்துக்குவாரு. நாள் பூரா என்னால பாத்துக்க முடியாது தம்பி."

அந்தத் தம்பி சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. "தப்பில்லம்மா, லிமிட்டர் நல்லதுதான். ஆனா ரோடு மாறினா அதையும் மாத்தணும். அதே பொத்தானை இன்னொரு தடவை அமுக்கினா போயிடும். அவசரம்னா ஆக்ஸிலேட்டரை அடி வரைக்கும் மிதிங்க, தானா விட்டுக் கொடுத்துடும்" என்றார். மெதுவாக வந்ததற்கு ஒரு எச்சரிக்கைச் சீட்டும் கொடுத்தார். எனக்கு அவசரம்தான். அடி வரைக்கும் மிதித்தேன். கார் கயிறு அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தது, மரங்கள் பின்னால் ஓடின, உங்கள் மாமியார் பூங்கொத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், ஒரு வளைவு திரும்பியதும் பளீரென்று ஒரு வெளிச்சம். கேமரா. எச்சரிக்க வேண்டியவள் துண்டுக்குள் இருந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரிப்பன் தரையில் கிடந்தது. நோயாளி நாற்காலி பொருத்த வந்த ஆளைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னார்களாம். குட்டி வெள்ளைக் கோட்டில் வாசலில் நின்றாள். "வாங்கப்பா, வாங்கம்மா. சாப்பிட்டீங்களா?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "குட்டி, அந்த லிமிட்டர்..." என்று ஆரம்பித்தேன். "அப்புறம் பேசலாம்ப்பா" என்று உள்ளே போய்விட்டாள். வாடிப்போன பூங்கொத்தை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு, ஒரு பக்கம் சரிந்திருந்த கேக்கில் ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வரும் வழி முழுக்க உங்கள் மாமியார் அழுதாளோ என்னவோ, ஜன்னல் பக்கமே இருந்தாள்.

ஆகவே மாப்பிள்ளை, நான் சில முடிவுகள் எடுத்திருக்கிறேன். கோபத்தில் எடுத்தவை அல்ல. மூன்றாவது நோட்டீஸ் எந்த நாளும் வரலாம், அது வருவதற்கு முன்னால் நானே கார் ஓட்டுவதை விட்டுவிடுகிறேன். காருக்கு ஆள் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லியாயிற்று. நீங்கள் அன்போடு அனுப்பிய பெட்டியைத் துண்டோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். நீங்கள் கரைக்கு வந்ததும் எடுத்துக்கொள்ளவும், அதில் உங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை. பிள்ளைக்கு ஒரு நல்ல நாள் வந்தது, அன்று பக்கத்தில் நிற்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதை மட்டும் அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். மற்றபடி வேளாவேளைக்குச் சாப்பிடவும், எஞ்சின் அறைச் சூட்டில் தண்ணீர் நிறையக் குடிக்கவும். எல்லாக் கரைகளிலும் உங்களுக்கு நல்லதே காத்திருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும் மாமனார்.

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் வாசலில் குட்டி வந்து நின்றாள், பஸ்ஸில் வந்திருந்தாள். கார் எங்கே என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அன்னிக்குக் காலைல பூ வாங்கப் போனப்போ நான் மூணாவது தடவை மாட்டிக்கிட்டேன்ப்பா. ஆறு மாசம் ஓட்டக் கூடாது. உங்களுக்குப் பெட்டி வாங்கி அனுப்பச் சொன்னதே நான்தான். அப்படியிருக்க நீங்க வந்து நின்னப்போ எந்த மூஞ்சிய வெச்சிட்டுப் பாக்கறது?" என்றாள். உங்களுக்குத் தெரியக் கூடாதாம், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். அந்தப் பளீர் வெளிச்சமும் எனக்கு விழுந்ததல்ல. அப்போது ஒரு பால் லாரி எங்களை முந்தியதாம், உங்கள் மாமியார் அப்புறம்தான் சொன்னாள். நான் பறந்ததாக நினைத்த வேகம் அறுபத்தைந்துதானாம், அந்த ரோட்டில் எண்பது வரை போகலாமாம். ஆகவே கார் விற்பனைக்கு இல்லை. பெட்டியைத் திரும்ப எடுத்து ஒட்டியிருக்கிறேன், நீங்கள் கேட்டாலும் தருவதற்கில்லை. இதெல்லாம் நடந்து ஒரு வாரம் ஆகிறது, இந்தக் குறிப்பை உங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆறு மாதத்துக்கு இங்கேதான் ஜாகை. தினமும் காலையில் நான்தான் அவளைக் கிளினிக்கில் கொண்டுபோய் விடுகிறேன், லிமிட்டர் போட்டு. "அப்பா, கொஞ்சம் வேகமா போங்களேன், பேஷண்ட் காத்துக்கிட்டிருப்பாங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்து புலம்புகிறாள். நான் காதில் வாங்குவதில்லை. நீங்கள் ஒன்றும் அவசரப்பட்டுக் கரைக்கு வர வேண்டாம்.