விலைப் பக்கத்தில் கோட்டு மாப்பிள்ளை

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால், ஃபேன் சுற்றவில்லை என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்.

அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் அன்றன்றைய விலையைப் பார்க்க ஒரு வெப்சைட் நடத்தினோம். கடை மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில்தான் அது ஓடியது. அதில் நான் போட்டிருந்த வெப் சர்வரோ பெரிய கம்பெனிகளுக்கானது. நாலு வரி விலையைக் காட்டுவதற்குள் மெமரி முழுவதையும் விழுங்கிவிட்டு மூச்சு வாங்கும். (டீ கிளாஸ் தூக்க யானையைக் கூப்பிட்ட கதை.)

"மேலேருந்து போன் மேல போன் வருதுடா. சக்கரம் சுத்திக்கிட்டே இருக்காம். வெல தெரியாம யாரும் லோடு எறக்க மாட்டேங்குறாக. வெரசா எதாச்சும் செய்யி" என்றார் அப்பா.

அன்று காலையே பழையதைத் தூக்கிவிட்டுச் சின்னதாக ஒரு சர்வரைப் போட்டேன். எந்த ஃபோல்டரைக் காட்ட வேண்டும் என்று அதற்கு ஒரு வரி எழுதினால் போதும். 'வி' என்று தொடங்கியதும் மீதியைக் கம்ப்யூட்டரே நிரப்பியது. 'விலை'தான் என்று நம்பி, திறந்துகூடப் பார்க்காமல் டீ குடிக்கப் போனேன். (மேதைகள் சரிபார்ப்பதில்லை என்பது அன்றைய என் கொள்கை.)

பாதி டீயில் தோட்டக்காரர் ஒருவர் கூப்பிட்டார்.

"தம்பி, ஏலக்கா வெல பாக்கலாம்னு தொறந்தா நீ கோட்டுப் போட்டு நிக்கிற. கிலோ என்ன வெல?"

கடைக்கு ஓடினேன். நிரம்பியிருந்த பெயர் 'விவாகம்'. பெண் வீட்டாருக்கு அனுப்ப அம்மா சேர்த்து வைத்திருந்த என் போட்டோக்கள் அத்தனையும் அந்த ஃபோல்டரில். ஸ்டுடியோக்காரர் மாட்டிவிட்ட கோட்டு, அதன் கை என் விரல் நுனி வரை. பின்னால் பனிமலை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

அப்பா போனைப் பொத்திக்கொண்டு, "ராசிங்காபுரத்துல இருந்து கேக்குறாகடா, ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு" என்றார். செத்துவிடலாம் போலிருந்தது.

திருத்திக்கொண்டிருந்தபோது இன்னொரு போன். ஒரு பெண் குரல்.

"மேல எஸ்டேட்டுல கணக்குப் பாக்குறேன்ங்க. வெல வரலையே?"

"இப்ப வந்துரும்ங்க. தப்பா ஒண்ணு..."

"பாத்தேன். ஆனா இந்தச் சரிவுல பேசத்தான் சிக்னல் இருக்கு, நெட்டு கெடைக்கிறதே கஷ்டம். எதுவும் தொறக்காது. இது மட்டும் சட்டுனு வந்துருச்சே! என்ன பண்ணுனீங்க?"

என் வேலையைப் பற்றி உலகத்தில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அவமானத்தை மறந்து சர்வரை விளக்கத் தொடங்கினேன். அப்பா பக்கத்தில் நின்று முறைத்தார். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு மெதுவாக, "அந்தக் கோட்டு ஒங்களுதா?" என்றாள்.

"ஸ்டுடியோவோடதுங்க."

"அப்பச் சரி" என்றாள். எது சரி என்று அன்று புரியவில்லை. மறு மாதம் அவள் வீட்டிலிருந்து ஆள் வந்தபோது புரிந்தது.

அந்தச் சின்ன சர்வர் இன்றும் அலுங்காமல் ஓடுகிறது. மாமனார் மட்டும் தினமும் காலையில் கூப்பிடுகிறார்:

"மாப்ளே, இன்னைக்கு வெல மட்டுந்தான? தொறக்கலாமா?"