நேரில் பார்வையிட்டேன்

"மேடம் கார்ல ஏறிட்டாங்க சார். ஒரு மணி நேரத்துல அங்க இருப்பாங்க" என்று ஆபீசிலிருந்து போன். சேஷன் மறுபடியும் சந்துக்குள் ஓடினார்.

தெற்கு தில்லிக் கிராமத்துச் சந்துகளில் மூன்று முறை சுற்றியாயிற்று, சத்திரத்தைக் காணோம். அவருடைய ரிப்போர்ட்டில் மட்டும் அது ஜம்மென்று இருந்தது: முன்னூறு வருஷத்துப் பழைய சராய், வழிப்போக்கர்களுக்குப் பன்னிரண்டு அறைகள், குதிரை லாயம், நடுவில் கிணறு. கடைசியில் 'நேரில் பார்வையிட்டேன்' என்று கையெழுத்து.

எங்கே பார்த்தார் மனுஷன்? பழைய ஃபைலில் இருந்ததை அப்படியே இறக்கி, தேதியை மட்டும் மாற்றியிருந்தார். மரபுக் கட்டடப் பிரிவில் காலங்காலமாக அதுதான் வழக்கம். நானே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பிய முதல் டைரக்டர் வத்சலா மேடம்தான். குட்டு வெளிப்பட்டால் சஸ்பெண்ட். ரிடையராக எட்டே மாதம் இருக்கும்போதா இந்தக் கண்றாவி!

மோமோ கடைக்கும் நாலு மாடி ஹாஸ்டலுக்கும் பின்னால், வளைவு வாசலோடு ஒரு பாழடைந்த செங்கல் அறை தென்பட்டது. உள்ளே ஒரு பெண் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பம்மாள், விழுப்புரத்துக்காரி, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள்.

"ஏம்மா, இது பழசுதானே?"

"நான் குடிவந்து இருபது வருசம் ஆவுது. அப்பவே இப்படித்தான் கெடந்துச்சு."

"அது போதும்! பெரிய மேடம் வராங்க. கொஞ்சம் சுத்தமா வெச்சுடும்மா."

மெயின் ரோடுவரை போய்க் கார் வருகிறதா என்று அரை மணி பார்த்துவிட்டுத் திரும்பினார். அறை பளபளவென்று வெள்ளையாக நின்றது.

"சுண்ணாம்பு அடிச்சுட்டேன் சார். ஆபீசருங்க வந்தா அதானே செய்வாங்க?"

"அடிப்பாவி! முன்னூறு வருஷத்தையும் அழிச்சுட்டியே!"

டீக்கடைக்கு ஓடினார். "பையா, பாத்திரத்தோட குடு! ஜல்தி!" ஆறின டீயை வாரி வாரிச் சுவரில் அடித்தார். சுவர் பழுப்பானது. கூடவே ஈ மொய்த்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டமும் கூடியது.

கூட்டம் கூடினால் சேதி பரவாதா? சர்க்கார் இடத்தை வளைக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட அறையின் சொந்தக்காரன் கடப்பாரையோடு வந்து சேர்ந்தான். "சராயாவது மண்ணாவது! இப்பவே இடிக்கிறேன்!" என்று இந்தியில் கத்தி ஒரு போடு போட்டான். பாதி வளைவு பொலபொலவென்று விழுந்தது.

"ஐயா, உன் காலில் விழறேன்!" சேஷன் கடப்பாரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து சர்க்கார் கார் வந்து நின்றது. சொந்தக்காரன் கடப்பாரையைப் போட்டுவிட்டு நழுவினான்.

வத்சலா மேடம் சுவரைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"என்ன சேஷன் இது? டீயா?"

"மேடம்... தப்புதான். நான் வந்து பார்க்கவே இல்ல. பழைய ஃபைலைப் பார்த்து..."

மேடம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவரைச் சுவரோரமாக இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க சேஷன், அந்தப் பழைய ஃபைலை ஆபீஸ்ல உட்கார்ந்தே எழுதினது நான்தான், ரிடையராறதுக்குள்ள இங்க ஒரு செங்கல்லாவது இருக்கான்னு பார்த்துட்டுப் போகலாம்னுதான் ஓடி வந்தேன்!"