அவசரப் பையில் அரைச் செங்கல்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் உயிரோடு இருக்கிறோம். வழக்கமாக "சௌக்கியம்" என்றுதான் தொடங்குவேன். இந்த வாரம் உயிரோடு இருப்பதையே முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அங்கே தாங்களும் வீட்டில் அம்மாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மகள், அதாவது எங்கள் மருமகள், நாலு நாளாக அங்கே இருக்கிறாள். என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. என்ன சொல்லியிருந்தாலும் அது உண்மை. அவளை எப்படியாவது சமாதானம் செய்து திருப்பி அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

அவள் அவசர உதவி மையத்தில் போன் எடுப்பவள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஊரில் யார் வீட்டில் தீப்பிடித்தாலும் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அது முதலில் அவள் காதில்தான் விழும். கல்யாணமாகி வந்த ஒரே மாதத்தில் எங்கள் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். வாசற்கதவு ஓரத்தில் ஒரு சிவப்புப் பை. அதில் டார்ச், பேட்டரி, தண்ணீர், பிஸ்கட், மருந்து, விசில். வீட்டுப் பத்திரம் முதல் என் பென்ஷன் புத்தகம் வரை எல்லாம் தண்ணீர் புகாத ஒரே உறையில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. அவள் கையைத் தட்டினால் நான் கேஸை மூடி மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், உங்கள் சம்பந்தியம்மா அந்த உறையை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்க வேண்டும். முதல் ஒத்திகையில் எங்களுக்குப் பதினெட்டு நிமிஷம் ஆனது. ஏன் என்று கேளுங்கள். இவள் பாலை இறக்கிவைத்து, பீரோவைப் பூட்டி, பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்த்து, "நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு இந்தப் புடவையிலயா வர்றது?" என்று மாற்றிக்கொண்டும் வந்தாள். உறையை மட்டும் மேலேயே வைத்துவிட்டாள். அதே மாடியில் எதிர்வீட்டிலிருக்கும் வங்கி மேலாளர் ஜன்னலில் நின்று காபியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். உங்கள் பெண் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "நல்லா பண்ணினீங்க அத்தை, அடுத்த தடவை புடவை மட்டும் வேண்டாம்" என்றாள். ஆறே மாதத்தில் நாலு நிமிஷத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். முப்பத்தெட்டு வருஷமாக என்னால் இவளைக் கல்யாண வீட்டுக்கே நேரத்துக்குக் கிளப்ப முடிந்ததில்லை, சம்பந்தி!

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறி, எடைக்கல்லின் அடியைச் சுரண்டியிருக்கிறானா, தட்டுக்குக் கீழே புளியை ஒட்டியிருக்கிறானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன். அந்தப் பெருமையில் ஒரு நல்ல தொங்குதராசை நானே மருமகளுக்குக் கொடுத்தேன். அவள் அதைப் பிரமாதமாகப் பயன்படுத்தினாள். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி பையை அதில் மாட்டுவாள். ஆறு கிலோ நானூறு கிராம் காட்டினால் எதுவும் குறையவில்லை என்று அர்த்தம், திறந்து கலைக்க வேண்டியதில்லை. என்ன மூளை பாருங்கள்! ஆனால் மத்தியானம் மூணு மணிக்கு எனக்குப் பசிக்குமே, அதை எந்தத் தராசில் போடுவது? ஒரு பிஸ்கட் பாக்கெட் போனது. அப்புறம் இன்னொன்று. சுவர்க்கடிகாரம் நின்றுபோச்சு, பேட்டரி போனது. மாடிப்படி விளக்கு எரியலை, டார்ச்சும் போனது. உங்க சம்பந்தியம்மாவோட மூச்சு இழுப்புக்கான மருந்துக் குழல் தீர்ந்துபோச்சு, பையில இருந்ததும் போனது. மாசக் கடைசியில பார்த்தா ஒரு கிலோ குறையுது. மொட்டைமாடியில கிடந்த உடைஞ்ச செங்கல்ல ஒரு துண்டை எடுத்து, தரையில உரசி உரசி, கிராம் சுத்தமா எடைக்குக் கொண்டுவந்து, பழைய துண்டுல சுத்திப் பைக்குள்ள வச்சேன். எந்தக் கடைக்காரனும் இவ்வளவு நேர்த்தியா ஏமாத்தினதில்ல.

போன ஒன்றாம் தேதி அவள் பையை மாட்டினாள். முள் அசையாமல் சரியான இடத்தில் நின்றது. எனக்குள்ளே ஒரு சந்தோஷம் வேறு. அப்போது பார்த்து பையின் அடியிலிருந்து பொலபொலவென்று சிவப்புத் தூள் தரையில் கொட்டியது. கையை விட்டு எடுத்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எடை சரியா இருக்கு மாமா" என்றாள், அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. மறுநாள் காலையில், "அப்பா வீட்டுக்குப் போயிட்டு வரேன் அத்தை" என்று கிளம்பிவிட்டாள். என் மகன் வேறு வேலை விஷயமாக வெளியூரில் இருக்கிறான். கேட்டால் என்ன பதில் சொல்லுவேன்? உங்கள் சம்பந்தியம்மா அன்று முழுக்கச் சாப்பாட்டுத் தட்டை டக்கென்றுதான் வைத்தாள்.

நேற்று காலை பதினோரு மணிக்கு, சம்பந்தி, நிஜமாகவே வந்தது. கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கிற மீட்டர் பலகை பற்றிக்கொண்டது. கரிஞ்ச வாடை வந்ததும் நான் கதவைத் திறந்துக்கிட்டு ஓடப் பார்த்தேன். "கதவைத் தொட்டுப் பார்த்தீங்களா? அவ என்ன சொல்லிக்கொடுத்தா?"ன்னு பின்னாலேர்ந்து உங்க சம்பந்தியம்மாவோட அதட்டல். புறங்கையால தொட்டேன், சூடில்ல. மெதுவாத் திறந்தா படி முழுக்கக் கறுப்புப் புகை, ஒண்ணும் தெரியல. இறங்கியிருந்தா அங்கேயே சுருண்டிருப்போம். கதவைச் சாத்தினோம், துண்டை நனைச்சுக் கீழ் இடுக்குல அடைச்சோம், கேஸ், மெயின் எல்லாம் மூடினேன், போனை எடுத்தேன். வாய் தானா விலாசத்தைச் சொல்லுது: மூணாவது மாடி, தெருப்பக்கம், ரெண்டு பேர், ஒருத்தருக்கு மூச்சு இழுப்பு. பல் விளக்குறப்பக்கூட மருமக என்னை ஒப்பிக்க வச்ச விலாசம் அது. எதிர்முனையில இருந்த பெண், "இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல சார்"ன்னாங்க. அதுக்குள்ள கதவைப் படபடன்னு தட்டுறாங்க. யாரு, எதிர்வீட்டு மேலாளர்! படியில பாதி இறங்கி, இருமிக்கிட்டே திரும்பி வந்திருக்கார், ஒத்தைச் செருப்போட. இழுத்து உள்ள போட்டுக் கதவைத் திரும்ப அடைச்சேன்.

இவளுக்கு இழுப்பு ஆரம்பிச்சிடுச்சு. வழக்கமா வைக்கிற இடத்துல மருந்துக் குழல் இல்ல. பையை எடுத்தேன். அதுல செங்கல்தான் இருக்கும், என் பெண்டாட்டியை நானே கொன்னுட்டேன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். திறந்தா, எல்லாம் இருக்கு சம்பந்தி! புது டார்ச், புது பேட்டரி, மேலாகவே மருந்துக் குழல், விசில். கிளம்பறதுக்கு முந்தி அத்தனையும் நிரப்பி வச்சிட்டுப் போயிருக்கா. அடியில தனியா ஒரு பொட்டலம், அதுமேல அவ கையெழுத்து: "இது மாமா மத்தியானம் சாப்பிட." பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டோம். மருந்தை இழுத்ததும் இவளுக்கு மூச்சு சீராச்சு. நான் விசிலை ஊதினேன், ஊதினேன், தீயணைப்பு வண்டி வந்து நின்ன பிறகும் ஊதிக்கிட்டே அழுதேன். மேலாளர்தான் விசிலைப் பிடுங்கினார். "உங்க மருமகளை எங்க வீட்டுக்கும் ஒரு நாள் அனுப்ப முடியுமா?"ன்னு கேட்டுக்கிட்டே அந்தப் பொட்டலத்துல பாதியை முடிச்சிட்டார்.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. புகை அடங்கியதும் தீயணைப்புக்காரர்கள் வந்து எங்களைக் கைப்பிடித்து இறக்கினார்கள். "யார் உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது?" என்று அவர்களின் தலைவர் கேட்டார். "என் மருமகள்" என்றேன். தெருவே கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

சம்பந்தி, அவளைப் பெற்றதற்கு உங்களுக்கும் வீட்டில் அம்மாவுக்கும் என் நமஸ்காரம். தப்பு முழுக்க என்னுடையது. அவள் என்ன தண்டனை சொன்னாலும் செய்கிறேன். தயவுசெய்து நாளைக்கே அனுப்பிவையுங்கள். அவளுக்கு எங்கள் ஆசீர்வாதம் என்றும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போகும்போது மருமகளே போன் செய்தாள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லையாம்! மூன்றாம் மாடிக்கு ஏற்ற நூலேணி உங்கள் ஊரில்தான் நல்லதாகக் கிடைக்கும் என்று வாங்க வந்தாளாம். வாங்கியும் விட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் பால்கனியிலிருந்து முதலில் இறங்க வேண்டியது நான்தானாம். ஆகையால் மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். அவள் அங்கே நிதானமாக ஒரு மாதம் இருக்கட்டும். பெண் பிறந்த வீட்டில் ஆசைப்பட்டு இருப்பதை நாம் கெடுக்கலாமா?

இன்னொரு பின்குறிப்பு: உங்கள் சம்பந்தியம்மா மேலே உள்ளதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறாள். சரி, ஒரு மாதம் வேண்டாம். சனிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். கீழே நின்று அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டால் நான் இறங்கிவிடுவேன்.