பேச்சிராஜாவின் வலது கண்

தாதர் கடையில் வாங்கிய இரும்பு ஸ்கேலை வெறும் கண்ணால் பார்த்தே, மயிரிழை கோணல் என்று திருப்பிக் கொடுத்தவர் தாம்தான் என்று பேச்சிராஜா சொல்லாத நாள் கிடையாது. கடைக்காரன் கருவி வைத்து அளந்துவிட்டுக் காலிலேயே விழுந்தானாம். தாராவியின் அந்தச் சந்தில் இதை நம்பியவர் ஒருவரும் இல்லை. கடைக்காரன் கீழே விழுந்த ஸ்கேலை எடுக்கக் குனிந்திருப்பான் என்பார், பக்கத்துப் பட்டறை ஷேக் பரீத்.

ஆனால் தோல் வெட்டுவதில் பேச்சிராஜாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கோடு போடாமலே பெல்ட்டுக்கு வார் கிழிக்கிற கை. அந்தக் கைதான் ஒரு திங்கட்கிழமை காலையில் பாம்பு மாதிரி ஒரு வாரை வெட்டிப் போட்டது.

வெளிச்சம் போதவில்லை என்று புது டியூப்லைட் மாட்டினார். அடுத்த வார் இரண்டு பாம்பு பின்னிக்கொண்டது போல் வந்தது. குர்லாவுக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினார். இப்போது கதவு நிலை வளைந்தது. ஜன்னல் கம்பி நெளிந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கி வாசலில் நிற்கும் இரும்புத் தூண் தொப்பை போட்டது. தூண் விழப்போகிறது என்று அலறிச் சந்து முழுவதையும் தெருவுக்கு இழுத்துவிட்டார்.

ஷேக் பரீத் தூணைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "ஏக்தம் சீதா, நூல் புடிச்சாப்ல நேரு. கோணல் உங்க கண்ணுலதான், அண்ணாச்சி."

சந்தே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பேச்சிராஜாவுக்குப் பயம் வந்தது. வலது கண்ணைப் பொத்தினார், தூண் நேர். இடது கண்ணைப் பொத்தினார், தூண் வளைவு. கண் போனால் கத்தி போச்சு. கத்தி போனால் பேச்சிராஜா என்று ஒரு ஆள் எதற்கு?

மாட்டுங்காவில் ராஜலக்ஷ்மி டாக்டர் கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டினார். நடுக் கட்டங்கள் வெயிலில் வைத்த மெழுகாய் உருகி நின்றன. சர்க்கரையால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். சிலருக்கு லேசர் வைப்பதுண்டு, இவருக்குக் கண்ணுக்குள் ஊசி, மாதம் ஒன்றாக முதலில் மூன்று, கூடவே சர்க்கரையையும் அடக்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். ஊசி என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் பேச்சிராஜா காதில் ஏறவில்லை.

"கண்ணுக்குள்ளன்னா, பக்கத்துலயா டாக்டரம்மா?"

"கண்ணுக்குள்ளயேதான். மரத்துப்போக சொட்டு விட்டுடுவோம். பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுடும்."

பேச்சிராஜா மூன்று எண்ணுவதற்குள் நாற்காலியிலிருந்து சரிந்தார். மனைவி மாரிசெல்விதான் முகத்தில் தண்ணீர் தெளித்து, கையெழுத்துப் போடவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு ஊசி அறை வாசல்வரை வந்தாள்.

உள்ளே ஒரு எறும்பு மிதித்தாற்போல் இருந்தது. அவ்வளவுதான். அதை அப்படியே சந்தில் வந்து சொல்ல பேச்சிராஜாவுக்குப் பைத்தியமா? சாக்கு தைக்கிற கோணி ஊசி, முழ நீளம், பின்மண்டையில் போய் முட்டி நின்றது என்றார். டீக்கடை செல்வம் கையிலிருந்த பாலை அடுப்பில் ஊற்றினான். "நேரா இருக்கது வளைஞ்சு தெரிஞ்சா ஊசிதான், வேற வழியே கெடயாது" என்று பேச்சிராஜா முடித்தபோது ஷேக் பரீத்தின் நெற்றியில்கூட வியர்வை.

மூன்றாவது ஊசியோடு கட்டங்கள் நேராயின. கதவு நேர், கம்பி நேர், வார் நூல் பிடித்தாற்போல் நேர். இதற்கிடையில் மாடியில் இரண்டாவது தொட்டியும் ஏறியிருந்தது. வாசல் தூண் ஒன்றுதான் முன்னைவிட மோசமாக வளைந்து நின்றது.

வலது கண்ணைப் பொத்தினார், வளைவு. இடது கண்ணைப் பொத்தினார், வளைவு. ஆக, நோய் மறு கண்ணுக்கும் தாவிவிட்டது.

மாரிசெல்வியைக் கேட்டார். "நேராத்தான இருக்கு" என்று அவள் அவர் முகத்தையும் பார்க்காமல், தூணையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். செல்வம் நேர் என்றான். சொல்லிவிட்டுத் தூணுக்கு முதுகைக் காட்டி டீ ஆற்றினான். ஷேக் பரீத்தும் சீதா என்றார். வழக்கமான சிரிப்பு மட்டும் இல்லை.

டாக்டரிடம் ஓடினார். இரண்டு கண்ணையும் ஸ்கேன் எடுத்து, வீக்கம் வடிந்துவிட்டது, பயமே வேண்டாம் என்று அவர் அனுப்பிவைத்தார். டாக்டரின் மிஷினுக்கே பிடிபடாத நோய் என்று பேச்சிராஜா முடிவு கட்டினார்.

அன்று சாயங்காலம் தோல் வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தூணடியில் வந்து நின்றார்.

"பாய், ரெண்டு கண்ணும் போவுது. இத நீங்களே வச்சுக்கிடுங்க."

ஷேக் பரீத் கத்தியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். சட்டென்று பேச்சிராஜாவின் கையைப் பிடித்து எதிர்ச் சுவர் ஓரம் இழுத்தார்.

"மொதல்ல இங்கிட்டு நில்லுங்க, அண்ணாச்சி. அந்த ஸ்கேல் கதையக்கூட இன்னைக்கு நம்புதேன். தூண் வளைஞ்சுதான் இருக்கு. எனக்குத் தெரியுது, செல்வத்துக்குத் தெரியுது, உங்க வீட்டுலயும் தெரியுது. வாயத் தொறந்தா கண்ணுல அந்த முழ ஊசியப் போட்டுருவாவளேன்னுதான் மூணு வாரமா ஒருத்தரும் மூச்சு விடல."