வசனத்தோடு வரும் கூட்டாளி

உங்களுக்கு அவரைத் தெரியும். கூட்டுத் தொழில் நடக்கும் ஊரிலெல்லாம் அவர் இருப்பார். சிவகாசியில் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். யாரோடு சேர்வது, யாரைவிட்டுப் பிரிவது என்பதை அவர் தானாக முடிவுசெய்வதே இல்லை. வேதத்தைக் கேட்டுத்தான் செய்வார். வேதமும் ஒருநாள்கூட அவர் பேச்சைத் தட்டியதில்லை.

சேர வேண்டுமா? சாலமோன் ராஜா ஆலயம் கட்டுவதற்குத் தீரு தேசத்து ராஜாவிடம் கேதுரு மரம் வாங்கவில்லையா என்பார். தாவீதும் யோனத்தானும் செய்துகொண்ட உடன்படிக்கையைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஒருவன் விழுந்தால் தூக்கிவிட இன்னொருவன் வேண்டாமா என்று நம் கையைப் பிடித்துக்கொண்டே கேட்பார். பிரிய வேண்டுமா? யோசபாத் ராஜா ஒரு பொல்லாதவனோடு கூட்டுச் சேர்ந்து கட்டிய கப்பல்கள், பயணம் கிளம்பும் முன்பே உடைந்துபோன கதை தயாராக இருக்கும். அதுவும் போதவில்லையென்றால் நுகம். விசுவாசியையும் அவிசுவாசியையும் ஒரே நுகத்தில் பூட்டக் கூடாது. முடிந்தது.

ஜெபசிங் அண்ணாச்சி இந்த இனத்தில் உயர்ந்த ரகம். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் காலண்டர் அச்சகம் தொடங்கியபோது அவரிடம் இடம் இருந்தது, மெஷின் தெரிந்த ஆள் இல்லை. செந்தூர்பாண்டிக்கு ஆப்செட் மெஷின் அத்துபடி, இடம்தான் இல்லை. செந்தூர்பாண்டி ஆடி மாதம் தவறாமல் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்து போகிறவர். அன்றைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. "நான் சாலமோன், நீ தீரு ராஜா" என்று தோளில் கைபோட்டார் அண்ணாச்சி. அந்த ராஜா யாரென்று செந்தூர்பாண்டிக்குத் தெரியாது. இருந்தாலும் ராஜா என்றதில் சந்தோஷம். பாதிக்குப் பாதி பங்கு.

ஒரே மெஷினில் சபைகளுக்கு வசனக் காலண்டரும் ஓடியது, நகைக்கடைகளுக்கு முருகனும் லட்சுமியும் ஓடினார்கள். லட்சுமி எத்தனை ஆயிரம் ஓடினாலும் அண்ணாச்சியின் கழுத்தில் எந்த நுகமும் உறுத்தவில்லை.

உறுத்தியது இந்த ஆடியில். சரியாகச் சொன்னால், மனைவியின் தம்பி கிங்ஸ்லி மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து, "அத்தான், அச்சகத்துல எனக்கும் ஒரு பங்கு குடுங்களேன்" என்று கேட்ட மறுநாள்.

ஆடிப்பெருக்குக்கு எட்டு நாள் இருந்தது. அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் அன்றைக்குத்தான் வெளிவர வேண்டும். செந்தூர்பாண்டி மெஷினடியில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாண்டி, ஆண்டவர் பேசிட்டாரு."

"நல்லதாப் போச்சு. என்ன சொன்னாரு அண்ணாச்சி?"

"நாம பிரியணும். அந்நிய நுகம் ஆகாதுங்காரு."

"பதினாலு வருசமாப் பேசாதவரு, ஒங்க மச்சினன் பிளேன்ல எறங்குன பெறகா பேசுறாரு?"

"ஏலே, வேதத்தோட வெளையாடாத."

செந்தூர்பாண்டி விளையாடவில்லை. தான் உருவாக்கிய அச்சகம் கையைவிட்டுப் போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி ஒன்றை மறந்துவிட்டார். வசனக் காலண்டருக்கு இத்தனை வருஷமும் பிழை பார்த்தது யார்? ஒவ்வொரு வசனத்தையும் வேதாகமத்தைத் திறந்து ஒப்பிட்டு, முன்னும் பின்னும் என்ன நடக்கிறதென்ற ஆவலில் இரண்டு பக்கம் கூடுதலாகவும் படித்தவர் செந்தூர்பாண்டி. அதிகாரமும் வாக்கியமும் அவருக்கு நினைவிருக்காது. தேதி இருக்கும்.

"போன வருசம் ஆகஸ்ட் நாலாந்தேதித் தாளு ஞாபகம் இருக்கா? யோசுவா. கிபியோன் ஊர்க்காரங்க பூசணம் பூத்த அப்பத்தைக் காட்டி, தூர தேசத்துல இருந்து வர்றோம்னு ஏமாத்தி உடன்படிக்கை வாங்கிட்டாங்க. வேற சாமி கும்புடுறவங்கதான். ஏமாந்தது தெரிஞ்ச பெறகும் யோசுவா வாக்கை முறிச்சாரா? அவங்களுக்கு ஒரு சண்டைன்னதும் ராவோட ராவா நடந்துபோய்க் காப்பாத்துனாரே. நான் பூசண அப்பங்கூடக் காட்டலை அண்ணாச்சி. நெத்தி நெறையத் திருநீறு பூசிக்கிட்டுத்தான வந்தேன்?"

அண்ணாச்சி இந்த இனத்தின் கடைசிப் புகலிடத்துக்கு ஓடினார். "அது பழைய ஏற்பாடு."

"சாலமோன் மட்டும் புது ஏற்பாடா?"

"பத்திரம் நாளைக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கிளம்பிவிட்டார்.

மறுநாள் பிரிவுப் பத்திரம் வந்தது. கிங்ஸ்லியும் வந்தார். ஆர்டரெல்லாம் பேசி வாங்குகிற ஞானசுந்தரி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏலே கிங்ஸ்லி, பாண்டித் தம்பி போயிட்டா மெஷினை யாரு ஓட்டுவா? நீயா?"

"அவரு போறாரா? அவரு இருப்பாருன்னுல்ல நெனைச்சேன்!" கிங்ஸ்லியின் முகம் சுண்டியது. "அத்தான், ஒரு வார்த்தை ஜெபிச்சுட்டு வந்துருதேன்."

தாள் கட்டுகளுக்குப் பின்னால் போனார். ஐந்தே நிமிஷம்.

"யோசபாத்தோட கப்பல்தான் அத்தான் வருது. எனக்குப் பங்கு வேண்டாம்."

இந்த இனத்தில் இருவர் எதிரெதிரே நின்று பார்த்திருக்கிறீர்களா? அப்போதுதான் அங்கே வசனம் தீர்ந்துபோகும்.

அண்ணாச்சி திரும்பினார். செந்தூர்பாண்டி தன் ஸ்பேனர்களைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"பாண்டி, இந்தச் சாலமோன் இருக்காருல்ல..."

"வசனம் வேண்டாம் அண்ணாச்சி. அது ஒங்களுக்கு எந்தப் பக்கமும் வரும். நீங்க சொல்லுங்க."

அண்ணாச்சிக்கு வேர்த்தது. ஒரு மணி நேரம் ஜெபிக்கத் தெரிந்த வாய்க்கு, ஒரு ராஜாவும் தீர்க்கதரிசியும் துணைக்கு வராமல் ஒரு வாக்கியம் பேச வேண்டியிருந்தது. ஞானசுந்தரி பத்திரத்தால் விசிறிக்கொண்டே காத்திருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார் அண்ணாச்சி கடைசியில். "போகாதலே."

செந்தூர்பாண்டி மூட்டையை அவிழ்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "மஞ்சள் தூக்கலா இருக்கு, அந்த ஷீட்டை எடுங்க" என்றார்.

இவ்வளவு படித்ததில் உங்கள் கூட்டாளியின் முகம் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். கூட்டாளி இல்லையென்றால் சம்பந்தியின் முகம். அவருக்கு இதை ஒரு பிரதி அனுப்பலாமென்றும் தோன்றும். அனுப்புங்கள். வேதமோ, ஜாதகமோ, சட்டப் புத்தகமோ, உங்கள் கைவசம் இருப்பதிலிருந்து பொருத்தமான ஒரு வரியையும் அடிக்கோடிட்டு அனுப்புங்கள். அது தேடாமலே கிடைத்துவிடும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசலைப் பாருங்கள். அவர் உங்களுக்கு அனுப்பிய பிரதி அங்கே வந்து கிடக்கலாம்.