லைன் ஆஃப்: பத்து முதல் பதினொன்று வரை

பேச ஆளில்லாமல் கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்பார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. உபசாரம் பண்ணும் வியாதி பிடித்தது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிளாஸ்டிக் மூடி செய்யும் புதுக் கம்பெனி. தகரக் கொட்டகை, ஓடாத மெஷின், ஒரு மேசை, நான். அவ்வளவுதான் கம்பெனி. தண்ணீர் வந்துவிட்டது, மின்சாரம் வரவில்லை. "கரண்டு ஆளுங்க வந்தா கூட இருந்து பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு முதலாளி சென்னைக்குப் போய்விட்டார்.

ஐந்து வாரம் காத்திருந்தேன். விடுதியில் அறைத்தோழிக்கு இரவு ஷிப்ட். நான் வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். (ஒருநாள் மெஷினில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைச் சத்தமாகப் படித்தேன். யாரோ பேசுவதுபோல் இருந்தது.)

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஓர் இன்ஜினியரும் லைன்மேன் முனுசாமி அண்ணனும் வந்தார்கள். எங்களுக்கு இணைப்புக் கொடுக்கத் தெருவுக்கே ஒரு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். பத்திலிருந்து பதினொன்று வரை.

"டீ குடிச்சிட்டுக் கம்பத்துல ஏறலாம்ணா. உங்களுக்கு எந்த ஊரு?" என்றேன்.

"எளாவூரும்மா. லாரி சத்தத்துல தூக்கமே இல்ல."

அது போதாதா? அவர் ஊர், அவர் மகளின் பள்ளிக்கூடம், இன்ஜினியரின் கல்யாணப் பேச்சு என்று போனேன். அவர்கள் எழும்போதெல்லாம் ஏதாவது நீட்டினேன்: முறுக்கு, தண்ணீர், கடைசியில் என் மதியச் சாப்பாடு. இன்ஜினியரின் போன் அடித்தது.

"ஐயையோ, பதினொண்ணு! லைன் வுட்டுட்டாங்க, இனிமே ஏற முடியாது!"

"இன்னாம்மா நீ," என்றார் முனுசாமி அண்ணன், வாயில் என் தயிர்சாதத்தோடு. "பேசிக்கினே கவுத்துட்டியே!"

முதலாளியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் விருந்தினர் சூழ, மாலை போட்ட மெஷினின் பொத்தானை முதலாளியின் அம்மா அழுத்தினார். மூன்று முறை. ஐயர்கூட எட்டிப் பார்த்தார். முதலாளி மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டார். "சார், உங்க கம்பெனிப் பொண்ணு எங்கள ஏறவே வுடல சார்" என்ற பதில் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

முதலாளி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இங்க தனியாவா இருந்த, அஞ்சு வாரமும்?" என்றார். தலையாட்டினேன். அடுத்த வாரம் இணைப்பு வந்தது. அதற்கு முன்பே அலுவலகத்துக்கு இன்னொரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு மீட்டர் பார்க்க யார் வந்தாலும் என் மகள்தான் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள். "சீக்கிரம் பாத்துட்டுப் போய்டுங்கண்ணா, அம்மா வந்துட்டா மாட்டிக்குவீங்க!" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்த அண்ணன் படியிறங்கிப் போகும் சத்தம் ஓயும்வரை, டீ டம்ளரோடு உள்ளேயே நின்றுகொண்டு.